லா பால்தோசா

ஆத்தங்குடி

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ஐப்பசியில் வளைகாப்பு.

நான் 3 மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். போன தையில் பார்சலோனாவிலிருந்து ஒரு அம்மா நம் தரைக்கல் பட்டறைக்கு வந்தார். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றுவதை ரொம்ப நேரம் பார்த்தார். தன் பாட்டி வீட்டுத் தரையும் இதே மாதிரி சுடாத சிமெண்டுக் கல்தான் என்று சொல்லிக் கண் கலங்கிவிட்டார். கூட வந்த தம்பிதான் எனக்குத் தமிழில் சொன்னான். அவரிடம் நேராக நாலு வார்த்தை பேச முடியவில்லையே என்ற தவிப்பில் அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. அப்புறம்தான் படிக்க உட்கார்ந்தேன்.

வார்த்தைகள் மனசில் நிற்கின்றன. நம் மேசை அங்கேயும் மேசாதான். நமக்கு அது போர்த்துகீசியர் வழியாக வந்தது. சிரமமெல்லாம் பாலில்தான். உயிரில்லாத பொருளுக்கும் அங்கே ஆண், பெண் உண்டு. ஆணுக்கு முன்னால் 'எல்', பெண்ணுக்கு முன்னால் 'லா'. சிமெண்ட் ஆண்: எல் செமெந்தோ. மணல் பெண்: லா அரேனா. இரண்டும் சேர்ந்த தரைக்கல்லும் பெண்: லா பால்தோசா. 'ஓ'வில் முடிந்தால் ஆண், 'ஆ'வில் முடிந்தால் பெண் என்று பெரும்பாலும் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் கை, 'ஓ'வில் முடிந்தும் லா மானோ. நாள், 'ஆ'வில் முடிந்தும் எல் தியா. நிறம் எல் கொலோர், பூ லா ஃப்ளோர். ஓசை ஒன்று, பால் வேறு. அதனால் இப்போது எந்தச் சொல்லையும் தனியாகப் படிப்பதில்லை. முன்னால் வரும் 'எல்', 'லா'வையும் சேர்த்தே வாய்விட்டுச் சொல்கிறேன். 'எல் மானோ' என்று யாராவது சொன்னால் இப்போது காதில் உறுத்துகிறது.

வாசலில் 'கையால் செய்த கல்' என்று ஸ்பானிஷில் பலகை எழுதி வைத்தேன். 'பால்தோசா ஏச்சோ அ மானோ' என்று எழுதியிருந்தேன். கல் பெண் என்பதால் 'செய்த' என்ற சொல்லும் மாறி 'ஏச்சா' ஆக வேண்டுமாம். வந்தவர்கள் சொன்னதும் அழித்துத் திருத்திவிட்டேன்.

நீ தமிழ் வாத்தியார், இதை யோசித்துப் பார். நமக்கு நல்ல பையன், நல்ல பெண், நல்ல கல், 'நல்ல' மாறாது. வினைதான் வந்தான், வந்தாள், வந்தது என்று பாலைக் காட்டும். அங்கே நேர்மாறு. அவன் வருவதற்கும் அவள் வருவதற்கும் 'வியேனே' ஒன்றுதான், அடைமொழி மாறிவிடும். எனக்கு ரொம்பச் சந்தோஷம் தந்தது 'மே குஸ்தா'. சொல்லுக்குச் சொல் நம் 'எனக்குப் பிடிக்கும்' மாதிரியே. 'நான் விரும்புகிறேன்' என்று சுற்றிவளைக்க வேண்டியதில்லை.

அந்த அம்மா மார்கழியில் மறுபடி வருகிறாராம். பாட்டி வீட்டுத் தரையில் என்ன பூ, என்ன நிறம் என்று கேட்க இரண்டு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். நீ வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. உன்னிடம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உன் கூட்டாளி