மசாஜும் கார்டிசோலும்

ஆசிரியருக்கு,

மசாஜ் செய்தால் குழந்தையின் உடலில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் குறையும் என்று அடித்துச் சொல்வது சரியல்ல. ஆறு மாதத்துக்கு உட்பட்ட ஆரோக்கியமான குழந்தைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் 2013 மதிப்பாய்வு, உறுதியான சான்று இல்லை என்றே முடித்தது. பெரும்பாலும் உமிழ்நீரில்தான் கார்டிசோலை அளக்கிறார்கள். வாயில் பால் ஒட்டியிருந்தாலே கணக்கு பிசகும். பிறந்த சில வாரங்களில் இந்த ஹார்மோனுக்குப் பகல், இரவு ஏற்ற இறக்கமும் சரியாக அமைந்திருக்காது.

அதற்காகத் தொடுவதை விட்டுவிட வேண்டாம். பால் குடித்து முக்கால் மணி நேரமாவது ஆகட்டும். விரல் நுனியால் வருடினால் கூச்சம்தான் எடுக்கும். வெதுவெதுப்பான உள்ளங்கை முழுதும் பதிய, மிதமான அழுத்தத்தில், காலில் தொடங்குங்கள். 10 நிமிடம் போதும். குழந்தை முகத்தைத் திருப்பினாலோ, முதுகை வில்லாக வளைத்தாலோ, விரல்களை விறைப்பாக விரித்தாலோ உடனே நிறுத்துங்கள்.

குழந்தைநலச் செவிலியர்கள்