அப்பாவிடம் கேட்கச் சொன்னவர்களுக்கு நன்றி

அப்பா போய் நாற்பது நாள் ஆகிறது. காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகுதான் இதை எழுத உட்கார முடிந்தது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், சரி, படித்தால் யாருக்கு எழுதியது என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் எங்கள் பஞ்சாயத்து பாலியேட்டிவ் சிஸ்டருக்கு, அதாவது தீராத நோயில் இருப்பவர்களின் வலியையும் வேதனையையும் குறைக்க வீடு தேடி வரும் நர்ஸுக்கு. கேரள எல்லையோரம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு நாங்கள் அலைந்த அலைச்சலுக்குக் கணக்கில்லை. வயிற்றில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது, இன்னொரு சுற்று கீமோ கொடுத்துப் பார்க்கலாம், இரண்டு நாளில் முடிவு சொல்லுங்கள் என்றார்கள் ஒரு ஆஸ்பத்திரியில். கொடுத்தால் என்ன ஆகும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் நின்று பதில் சொல்ல ஆளில்லை. மாமா தோப்பை விற்றாவது பார்க்கணும் என்றார், அக்கா அழுதாள், அண்ணனும் நானும் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டோம். அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்த நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்: "அப்பாகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவே இல்லை. நோயின் பெயரைக்கூட அவரிடம் மறைத்து வைத்திருந்தோம்.

மறுநாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உங்க உடம்பைப் பத்தி உங்களுக்கு என்னங்க தோணுது?" என்று மெதுவாக ஆரம்பித்தீர்கள். அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது. "வலி இல்லாம இருந்தாப் போதும் கண்ணு, என்னை இந்தத் தோப்பை விட்டு எங்கயும் கொண்டு போகாதீங்க" என்றார். மாமா வெளியே போய் நின்றுகொண்டார். அதன்பிறகு விற்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை, அவருக்கும் நன்றி.

தாலுகா ஆஸ்பத்திரி பாலியேட்டிவ் டாக்டருக்கு. வலிக்கு மார்ஃபின் மாத்திரை என்றதும் உயிரை எடுத்துவிடும் என்று பயந்தோம். அளவோடு கொடுத்தால் வலியைத்தான் எடுக்கும், ஆனால் மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. சீட்டு மலையாளத்தில் இருந்ததால் ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டினார், அப்பாவே எட்டிப் பார்த்து நேரம் சொல்வார்.

இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. 1993ல் கோழிக்கோட்டில் ஒரு சின்ன கிளினிக்காகத் தொடங்கி, 2008ல் கேரள அரசு கொள்கையாகி, பஞ்சாயத்து வழியாக எங்கள் தோப்பு வரைக்கும் வந்திருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருப்பவர்கள், 2021லிருந்து நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் இதுவும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கடைசி ராத்திரி மூச்சு ஒரு மாதிரி இழுத்தபோது அண்ணன் காரை எடுத்துவிட்டான். இரண்டு மணிக்கு போன் அடித்தேன், சிஸ்டர் எடுத்தார். இது எதனால், என்ன செய்யலாம் என்று சொல்லிவிட்டு, "அப்பா கேட்டது ஞாபகம் இருக்கா?" என்றார். அண்ணன் காரை நிறுத்திவிட்டு வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான். விடியும்போது போய்விட்டார், தலைமாட்டு ஜன்னல் திறந்திருந்தது, தென்னை தெரிந்தது.

மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அப்பாவுக்காக வாங்கி வந்திருந்த வாட்டர் பெட்டை, அதாவது தண்ணீர் நிரப்பிய மெத்தையை, கழுவிக் காயவைத்துக் கொடுத்தோம், அது இப்போது வேறொரு வீட்டில் இருக்கிறதாம். அங்கே ராத்திரித் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள் சிஸ்டர், வருகிறேன்.