பேரைக் கொடுக்கும் முன்

தருமபுரி
ஞாயிறு மதியம்

கதிர் கண்ணு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனைக் கையில் எடுத்தாலே உங்கப்பா "ஸ்பீக்கர்ல போடு" என்கிறார். அப்புறம் அவர் பேச்சுதான் ஓடும், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் உன் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி நோட்டில் எழுதாமல் விட்ட பக்கங்களைக் கிழித்து எழுதுகிறேன். நிறையவே விட்டிருக்கிறாய்.

ஹாக்கி இந்தியா லீக் ஏலத்துக்குப் பேர் கொடுக்கலாமா என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ கேட்டது என்னிடம் இல்லை, அப்பாவிடம். அவர் என்ன பதில் சொன்னார் என்பது இப்போது தெருவுக்கே தெரியும். 2024 ஏலத்தில் ஆரம்ப விலையே 2 லட்சம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இந்திய அணியில் ஆடுகிற ஹர்மன்பிரீத் சிங்கை அதில் 78 லட்சத்துக்கு எடுத்தார்கள் என்பதை அவரே செல்லில் பார்த்துவிட்டார். அன்று ராத்திரி வீட்டு ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போட எவ்வளவு ஆகும் என்று காலண்டர் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கம்பி எத்தனை டன் என்பதுவரை எழுதியாயிற்று.

அவரைக் குறை சொல்லவில்லை. தக்காளி விலை ஏறுகிற அன்றைக்குச் செங்காயையும் சேர்த்துப் பறித்துப் பாலக்கோடு மண்டிக்கு ஏற்றுகிற மனுஷர். நாலு நாள் பொறுத்தால் அதே தக்காளியை ரோட்டில் கொட்ட வேண்டி வரும் என்று பார்த்துப் பார்த்து வந்த புத்தி அது. நான் ஏதோ சொல்லப் போக, "தூர ஊருக்குப் போற லாரிக்குச் செங்காயாத்தான் பறிக்கணும், போற வழியில பழுத்துக்கும்" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தக்காளிக்கு அது சரிதான். அது லாரியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பழுக்கும். நீ மேட்ச் கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்தால் பழுப்பாயா என்பதுதான் என் கேள்வி.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் பி.டி. டீச்சராக வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பென்னாகரம் பக்கத்து மலை ஊரிலிருந்து ஒரு பெண் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். பேர் வேண்டாம். ஸ்டிக்கைக் கையில் கொடுத்த இரண்டே மாதத்தில் பெரிய பெண்களைச் சுற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். நம் ஸ்கூல் மைதானம் உனக்குத் தெரியுமே, பாதி சரளைக்கல். அதில் பந்து எப்படி எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் மட்டும் எகிறின பிறகு பார்த்து நிறுத்துவாள். பந்திலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டாள்.

அந்த வருஷம் சேலம் பக்கம் பெண்களுக்கு ஓப்பன் டோர்னமென்ட் நடந்தது. எதிரே ஆடியது வேலையில் இருக்கிற பெண்களின் டீம், எல்லாரும் 25, 26 வயசுக்காரிகள். அவளுக்கு 14. நான் இறக்கிவிட்டேன். மாவட்டத்திலிருந்து ஆட்கள் பார்க்க வந்திருந்தார்கள். "இது என் பொண்ணு" என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் காரணம். அவள் நல்லதுக்கு என்று அன்றைக்கு என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் ஒருத்தி அடித்த பந்து எழும்பி வந்து இவள் விரலுக்கும் ஸ்டிக்குக்கும் நடுவில் பட்டது. மோதிர விரல். எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது, அது பெரிய விஷயமில்லை. திரும்பி வந்த முதல் நாள் நான் பந்தை மெதுவாகத்தான் தள்ளினேன். பந்து பக்கத்தில் வந்தபோது அவள் கண்ணை மூடினாள். அரைக் கண் சிமிட்டல்தான், வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு வயிறு என்னமோ செய்தது. இன்னொன்று தள்ளினேன். மறுபடி மூடினாள். பொங்கல் லீவு முடிந்து "கால் வலிக்குது மிஸ்" என்று சொல்லி நின்றுகொண்டாள். காலில் ஒன்றும் இல்லை.

ரொம்ப வருஷம் கழித்து தருமபுரி பஸ் ஸ்டாண்டில், இடுப்பில் குழந்தையோடு, "மிஸ், இன்னும் ஹாக்கி நடத்துறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவள் மறந்துவிட்டாள் போல. என்னால் முடியவில்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ ஃபார்வர்டாக இருந்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். எதிர் டீமுக்கு ஷார்ட் கார்னர் கிடைத்து, அவர்கள் கோலுக்கு அடிக்கும்போது, தடுக்க முதலில் ஓடுகிற ரஷ்ஷர் நீ. கோலுக்கு முன்னால் இருக்கிற அரைவட்டம், அந்த டி-யின் விளிம்பு, கோல் கோட்டிலிருந்து 14.63 மீட்டர். பந்து 156 கிராமுக்குக் குறையாது. கை தேர்ந்த ஆள் பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசி டிராக் ஃப்ளிக் போட்டால் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். நீ கோட்டில் நிற்கிறவன் இல்லை, பந்தை நோக்கி ஓடுகிறவன். உனக்கு அரை நொடிகூடக் கிடையாது. முகமூடி, கையுறை, முட்டிக் கவசம் எல்லாம் இருக்கிறது, சரி. ஆனாலும் ரஷ்ஷரைக் காப்பாற்றுவது, ஃப்ளிக் போடுகிறவனின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று படிக்கிற அந்தக் கண்தான். நீ பயிற்சி எடுக்கிற கோவில்பட்டியில் உனக்கு எதிரே போடுகிறவர்கள் உன் வயசுப் பையன்கள். லீக்கில் ஒலிம்பிக் ஆடிவிட்டு வந்த வெளிநாட்டுக்காரன் போடுவான். நீ டர்ஃபில் கால் வைத்தே மூன்று வருஷம்தான் ஆகிறது. பதினாறு வயசில் முட்டிக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டு வலித்ததே, ராத்திரி ஒத்தடம் கொடுத்தேனே, அந்த முட்டியையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

அமித் ரோஹிதாஸ் போல வரணும் என்பாய். வா. அவரைத்தான் நானும் உதாரணம் காட்டப் போகிறேன். 2013-இல் இந்திய அணிக்கு ஆடினார், அப்புறம் சில வருஷம் அணியில் இடம் இல்லை. 2017-இல் திரும்பி வந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் ரஷ்ஷராக உயிரைக் கொடுத்து ஓடி வெண்கலம் வாங்கியபோது அவருக்கு 28 வயசு. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷும் அப்படித்தான். 18 வயசில், 2006-இல் அணிக்குள் வந்தார், ஆனால் கோல் போஸ்ட் அவருடையது என்று ஆக இன்னும் ஐந்து வருஷம் பிடித்தது.

விவேக் சாகர் 17 வயசில் இந்தியாவுக்கு ஆடவில்லையா என்று கேட்பாய். ஆடினார். இரண்டு ஒலிம்பிக் வெண்கலமும் வாங்கினார். அப்படிப்பட்ட பையன்கள் உண்டு, இல்லை என்று நான் சொன்னால் அது பொய். அதனால்தான் என் பேச்சு வயசைப் பற்றியதே இல்லை.

எட்மன்டனில் இருக்கிற உன் பெரியம்மா மகன் பிரபுவிடம் இதைப் பேசினேன். அவன் ஐஸ் ஹாக்கி பைத்தியமாகிவிட்டான், தெரியும் இல்லையா? அங்கேயும் இதே சண்டைதானாம். 18 வயசிலேயே பையன்களைப் பெரிய லீக்குக்கு எடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு விதி வைத்திருக்கிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்தது. 18, 19 வயசுப் பையனை ஒன்பது மேட்ச் வரைக்கும் ஆடவிட்டுப் பார்க்கலாம். பத்தாவது மேட்சில் இறக்கினால்தான் அவனுடைய மூன்று வருஷ ஒப்பந்தத்தில் முதல் வருஷம் கழிய ஆரம்பிக்கும். அதற்குள் அவன் தயாரில்லை என்று தெரிந்தால் ஜூனியர் டீமுக்கே திருப்பி அனுப்பிவிடலாம், ஒப்பந்தம் அப்படியே இருக்கும்.

பிரபு ஊர் டீமிலேயே இரண்டு பையன்கள் கதை இருக்கிறது. 2012-இல் லீக்குக்குப் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுத்தபோது எல்லாருக்கும் முதல் ஆளாக நைல் யாகுபோவை எடுத்தார்கள், உடனே இறக்கினார்கள். முதல் சீசனில் 17 கோல். எல்லாரும் தூக்கிவைத்து ஆடினார்கள். 25 வயசு ஆகும் முன்னாலேயே அந்த லீக்கை விட்டே போய்விட்டார். 2014-இல் மூன்றாவது ஆளாக லியோன் டிரைசைட்டல். அவரையும் அவசரப்பட்டு இறக்கினார்கள், 37 மேட்சில் 2 கோல். ஆனால் இந்தத் தடவை யாருக்கோ புத்தி வந்து சீசன் நடுவிலேயே ஜூனியருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவமானமாகத்தான் இருந்திருக்கும். 2020-இல் அந்த லீக்கிலேயே சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. முதல் பையனுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம், பிரபு சொல்வதையெல்லாம் நான் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. திருப்பி அனுப்ப ஒரு இடம் இருந்ததே, அதைத்தான் நான் பார்த்தேன்.

உனக்கு அப்படி ஒரு இடம் இருக்கிறதா? நம் லீக் 2024 டிசம்பர் கடைசியில் ஆரம்பித்து ஐந்து வாரத்தில் முடிந்துவிட்டது. 2024-இல் ஏலம் எடுத்தபோது ஒரு டீமில் 24 பேர். அதில் எட்டுப் பேர் வெளிநாடு. இந்தியர் 16 பேரில் நாலு பேர் ஜூனியராக இருந்தே ஆகணும் என்று விதி. அந்த நாலில் ஒருத்தனாகத்தான் உன்னை எடுப்பார்கள். நாலு பேர் வேண்டும் என்பதற்காக எடுக்கிறார்களா, கதிர் வேண்டும் என்று எடுக்கிறார்களா? இரண்டுக்கும் சம்பளம் ஒன்றாக இருக்கலாம். வெளிநாட்டுக்காரர்களோடு ஒரே ரூமில் உட்கார்ந்து, அவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள் என்று பார்ப்பதே ஒரு படிப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மூளைக்குப் படிப்பு. காலுக்கும் கண்ணுக்கும் மேட்ச் வேண்டும்.

2025 டிசம்பரில் எழும்பூரில் ஜூனியர் உலகக் கோப்பை வெண்கல மேட்ச் பார்த்தோமே. அர்ஜென்டினா 2-0 என்று முன்னால் நிற்கிறது, உங்கப்பா "வா, பஸ்ஸைப் பிடிக்கலாம்" என்று எழுந்துவிட்டார். கடைசி குவார்ட்டரில் நம் பையன்கள் நாலு கோல் போட்டார்கள். நீ கத்தினாய். நான் அவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒருத்தனிடமும் பதற்றம் இல்லை. அவர்களில் பலர் லீக்கில் ஆடியவர்கள்தானே என்று இந்த வரியைப் படிக்கும்போதே உனக்கு வாயில் வரும். சரிதான். ஆடியவர்கள். ஆடியவர்கள் என்கிற அந்த வார்த்தையைக் கொஞ்சம் அழுத்திப் படி.

என்னைக் கேட்டால் இந்த வருஷம் வேண்டாம். உனக்கு இன்னும் ஜூனியர் வயசு இருக்கிறது. ஜூனியர் நேஷனல்ஸில் ஒரு மேட்ச் விடாமல் நீதான் ரஷ்ஷர், நீதான் ரைட் ஹாஃப். அந்த சர்டிபிகேட் பின்னால் வேலைக்கும் உதவும். அரியலூர் கார்த்தியும் உன் கோவில்பட்டி மாரீஸ்வரனும் 2022 ஆசியக் கோப்பைக்கு ஜகார்த்தா போனபோது லீக்கே நடக்கவில்லை. அது 2017-இல் நின்றுபோயிருந்தது. லீக் இல்லாமலும் இந்தியாவுக்குப் போக வழி இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் முடிவு நீ எடு. உனக்கு 18 ஆகிவிட்டது, ஸ்டிக்கைப் பிடிக்கிறவன் நீ. முதலில் உன் கோச்சிடம் தனியாகப் போய், "சார், நான் ரெடியா?" என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், நானே ஒரு காலத்தில் சொல்லவில்லை. "என்னை எடுத்தால் ஒரு மேட்சில் எத்தனை நிமிஷம் ஆடவிடுவாங்க?" என்று கேள். அவர் நிமிஷக் கணக்கு சொன்னால் பேரைக் கொடு, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். "போனா அனுபவம்தானே" என்று இழுத்தால் ஃபார்மை மடித்துப் பெட்டியில் வை.

தளத்தைப் பற்றிக் கவலைப்படாதே. இந்த ஓட்டுக்குக் கீழேதான் நீ பிறந்தாய், ஒழுகுகிற இடத்தில் எந்தப் பாத்திரம் வைக்கணும் என்று எனக்கு மனப்பாடம்.

பார்சலில் கேழ்வரகு மாவு மூன்று கிலோ, வறுத்த கொள்ளு ஒரு டப்பா வருகிறது. கடலைமிட்டாயே தின்று வயிற்றை நிரப்பாதே. புது முட்டிக் கவசம் வாங்கணும், பழையதில் ஒரு பக்கப் பட்டை தொங்கியதை வந்தபோதே பார்த்தேன். முட்டிக்கு மேலே நாலு விரல் விட்டு டேப்பைச் சுற்றி அளவெடுத்து எனக்கு மட்டும் மெசேஜ் போடு. இரண்டு காலும் அளந்து பார், உனக்கு இடது கொஞ்சம் பருமன்.

பார்சலில் என்ன வந்தது என்று அப்பா கேட்டால் மாவும் கொள்ளும் என்று சொல்.

அம்மா