கவர் யார் பேருக்கு வந்திருக்கிறது?

டோக்கியோ,
11 பிப்ரவரி 2024

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் பொங்கல் முடிந்த வாரமே வந்துவிட்டது. பதில் போட இவ்வளவு நாள் ஆனதற்குச் சோம்பேறித்தனம்தான் காரணம், வேறு கதை கட்டவில்லை. வாட்ஸாப்பில் நாலு வரி தட்டிவிட்டால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும், அதனால் இன்று கடை லீவு, உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொங்கலுக்கு ஆயிரம் ரூபாயும் கரும்பும் கொடுத்துக் கொடுத்து முதுகு விட்டுப்போய்விட்டது என்று எழுதியிருந்தாய். ரேஷன் கடையில் 22 வருஷம் நின்றவன் நீ, உனக்கு முதுகு இருப்பதே பெரிய விஷயம். அப்புறம் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "உங்க ஜப்பான்ல கொரோனாவுக்கு அப்புறம் ஏழை பாழைக்கு சர்க்கார் காசு குடுத்தானா இல்லையா, குடுத்தா எப்படிக் குடுத்தான்?" கொடுத்தார்கள். இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம்கூடப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வார்டு அலுவலகத்திலிருந்து ஒரு கவர் வந்தது, வருமானம் குறைந்த குடும்பத்துக்கு 70 ஆயிரம் யென் என்று. நம்ம ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 39 ஆயிரம் ரூபாய். அந்தக் கவரைப் பார்த்ததும்தான் உனக்குப் பதில் போடாதது உறைத்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். 2020 ஏப்ரலில் ஊரெல்லாம் கதவடைத்துக் கிடந்தபோது, வருமானம் ரொம்ப அடிபட்ட குடும்பத்துக்கு மட்டும் 3 லட்சம் யென் என்றுதான் அரசாங்கம் முதலில் சொன்னது. யாருக்கு அடிபட்டது, எவ்வளவு அடிபட்டது என்று நிரூபிக்கச் சொன்னால் எத்தனை பேரால் முடியும்? ஒரே கூச்சல். பத்துப் பதினைந்து நாளில் அப்போதைய பிரதமர் அபே மனசு மாறி, எல்லாருக்கும் தலைக்கு 1 லட்சம் யென் என்று அறிவித்துவிட்டார். அந்த வருஷம் ஏப்ரல் 27ஆம் தேதி குடியிருப்போர் பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்களுக்கெல்லாம். பிறந்த குழந்தைக்கும் உண்டு, தொண்ணூறு வயதுக் கிழவருக்கும் உண்டு, என்னை மாதிரி விசாவில் வந்து தோசை சுடுகிறவனுக்கும் உண்டு. மொத்தம் 12 லட்சம் கோடி யென்னுக்கு மேல். பணம் டெல்லி மாதிரி மேலிடத்துப் பணம்தான், ஆனால் அதைக் கையில் சேர்க்கிற வேலை முழுக்க உள்ளூர் அலுவலகங்கள் தலையில். நகரம், டவுன், கிராமம், டோக்கியோவின் 23 வார்டு என்று நாடு முழுக்க 1,741 இருக்கின்றன. நீயே நினைத்துப் பார், மேலே ஒருத்தர் மைக்கைப் பிடித்து அறிவித்துவிட்டுப் போய்விடுவார், கீழே நின்று கொடுக்கிறவன் உன்னை மாதிரி ஒருத்தன்.

சில சின்னக் கிராமங்களில் மே ஆரம்பத்திலேயே கொடுத்துவிட்டார்கள், அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒசாகா மாதிரிப் பெருநகரத்தில் ஜூலை ஆகியும் ஜனங்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், நம்ம ஆதார் மாதிரி இங்கே மை நம்பர் கார்டு என்று ஒன்று இருக்கிறது, அது இருந்தால் ஆன்லைனில் போடலாம், சீக்கிரம் வரும் என்றார்கள். அப்போது ஆறு பேரில் ஒருத்தரிடம்தான் அந்தக் கார்டே இருந்தது. இருந்தவர்களுக்கும் பாஸ்வேர்டு மறந்துபோய், தப்பாக அடித்து அடித்துப் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்க வார்டு அலுவலக வாசலில் மாஸ்க்கோடு வரிசை. உள்ளே என்ன நடந்தது தெரியுமா? ஆன்லைனில் வந்த விண்ணப்பத்தை ஊழியர்கள் காகிதத்தில் அச்செடுத்து, பதிவேட்டோடு ஒவ்வொரு பேராக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் பல ஊர்களில் "தயவுசெய்து ஆன்லைனில் போடாதீர்கள், தபாலில் அனுப்புங்கள்" என்று நிறுத்திவிட்டார்கள். உன் கடையில் மெஷினுக்குச் சிக்னல் இல்லாமல் நீ அதைக் கையில் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடுவாயே, அந்த ஞாபகம்தான் வந்தது.

எங்கள் வீட்டுக்கு ஜூன் மாதம் விண்ணப்பம் வந்தது. மூன்று பேர் பேரும் அச்சடித்தே வந்திருந்தது, மேலே குடும்பத் தலைவர் என்று என் பேர், கீழே கவிதா, அதற்குக் கீழே பாப்பா. வங்கிக் கணக்கு எழுத ஒரே ஒரு இடம். என் கணக்கை எழுதினேன், மூன்று லட்சமும் என் கணக்குக்கு வந்தது. கவிதா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, சோறு போடும்போது, "என் பேருக்கு வந்த ஒரு லட்சம் எங்கே இருக்குங்க?" என்று கேட்டாள். வாடகைக்குப் போய்விட்டது, அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். நான் ரசம் கேட்டேன்.

அந்தக் காகிதத்தில் இன்னொரு கோளாறு. ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம். பாட்டி வந்து, பாஸ்புக்கை நகல் எடுக்க வேண்டும், கடையில் அந்த மெஷின் எனக்குப் புரிய மாட்டேன் என்கிறது, கொஞ்சம் வருகிறாயா என்றார். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்து அப்போதுதான் திறந்த சமயம், பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்துக் கடையில் ஒரு நகல் பத்து யென். மெஷின் மேல் விண்ணப்பத்தை வைத்துவிட்டுச் சில்லறை தேடிக்கொண்டிருக்கும்போது பாப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, பாட்டிக்குக் காசு வேண்டாமாம்" என்றாள். அந்தக் கட்டம், பணம் வேண்டாம் என்கிறவர்கள் குறி போடுவதற்காம்! பாட்டி பேருக்குப் பக்கத்தில் கட்டம் இருக்கிறதே, நிரப்பாமல் விட்டால் தப்பாகிவிடுமே என்று அழகாகக் குறி போட்டு வைத்திருந்தார். 81 வயதில் தனியாக இருக்கிற மனுஷி. பாப்பா சொன்னதும் ஒன்றும் பேசாமல் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து இரட்டைக் கோடு போட்டு அடித்து, அதன்மேல் தன் முத்திரையையும் எடுத்துக் குத்தினார். அப்புறம்தான் சிரித்தார். இது நம்ம பாட்டி ஒருத்தர் கதை மட்டும் இல்லை, நாடு முழுக்க இதே குளறுபடி நடந்து பேப்பரிலெல்லாம் வந்தது. கொடுக்க வந்த காகிதத்தில் வேண்டாம் என்பதற்கு எதற்குடா ஒரு கட்டம்?

எங்கள் கடையில் பாத்திரம் கழுவ ஓர் அம்மா வருவார், இரண்டு பிள்ளைகள், புருஷனை விட்டு வெளியே வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் பதிவேட்டில் பேரை மாற்றவில்லை, மாற்றினால் தான் இருக்கிற இடம் அவனுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். பதிவேட்டில் அவன்தான் குடும்பத் தலைவர். அதனால் அந்த அம்மாவின் ஒரு லட்சம், பிள்ளைகளின் இரண்டு லட்சம், எல்லாம் அவன் கணக்குக்குப் போய்விட்டது. அடி உதைக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் தனியாக விண்ணப்பிக்கலாம் என்று வழி இருந்ததாம், பெண்கள் ஆலோசனை மையத்தில் ஒரு சான்று வாங்கிக் கொடுத்தால் போதுமாம். இந்த அம்மாவுக்கு அது தெரிந்தபோது நாள் கடந்துவிட்டது. என்னிடம் சொன்னபோது அழக்கூட இல்லை, கிரைண்டர் கல்லைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். வீடே இல்லாதவர்களுக்கோ பதிவேட்டில் பேரே இல்லை, தெருவில் படுத்திருந்த எத்தனையோ பேருக்கு அந்த ஒரு லட்சம் வரவேயில்லை.

முருகேசா, நீ 2021இல் போனில் சொன்னது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. ஸ்டாலின் பதவியேற்றதும் முதல் கையெழுத்தில் அரிசி கார்டுக்கு 4,000 ரூபாய், மே மாதம் இரண்டாயிரம், ஜூனில் இரண்டாயிரமும் 14 மளிகைச் சாமானும். புருஷன் காலையிலேயே கார்டோடு வந்து காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான், அரை மணி நேரம் கழித்துப் பெண்டாட்டி வந்து கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கார்டைக் கொண்டுவந்தவனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லையே என்று நீ சொன்னாய். இரண்டு ஊருக்கும் நடுவில் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், கதை ஒன்றுதான். எவ்வளவு கொடுத்தார்கள் என்று எல்லாரும் பேசுகிறோம், கவர் யார் பேருக்கு வருகிறது என்று பேசுவதில்லை. அந்த வகையில் மகளிர் உரிமைத்தொகையை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒரு கோடியே ஆறு லட்சம் பேருக்கு மேல், அவரவர் கணக்குக்கே நேராக. நீ அதைக் கட்சிக்காரன் கண்ணால் பார்த்துத் திட்டுவாய், திட்டிக்கொள். வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்டு எரித்தால் கிடையாது என்று கோடு போட்டதில் கூட்டுக்குடும்பத்துக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று நீ சொன்னது நியாயம்தான்.

கோடு என்றதும் இங்கே இருக்கிற கோட்டையும் சொல்லிவிடுகிறேன். 2021 கடைசியிலிருந்து எல்லாருக்கும் கொடுப்பதை விட்டுவிட்டு, உள்ளூர் குடியிருப்பு வரி கட்ட வேண்டாத அளவு வருமானம் இருக்கிற குடும்பத்துக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். முதலில் 1 லட்சம், அப்புறம் விலைவாசிக்காக 50 ஆயிரம், 30 ஆயிரம், இப்போது 70 ஆயிரம். டோக்கியோவில் தனி ஆளாக இருந்து வருஷத்துக்கு 10 லட்சம் யென்னுக்கு மேல் சம்பளம் வாங்கினால் நீ கோட்டுக்கு அந்தப் பக்கம். ஆனால் 65 வயது தாண்டிய தனி ஆள் பென்ஷன் வாங்கினால் 15 லட்சத்து 50 ஆயிரம் வரை இந்தப் பக்கம். பாட்டிக்குக் கிடைப்பதில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் சொந்த வீடு இருக்கிற பாட்டிக்குக் கவர் வருகிறது, வாடகை வீட்டிலிருந்து மாதம் ஒரு லட்சம் சம்பாதிக்கிற எங்கள் கடைப் பையனுக்கு வருவதில்லை. அவன் என்னிடம் கேட்கிறான், நான் என்னத்தைச் சொல்ல.

வரி கட்ட வேண்டாத குடும்பத்துக்கு முதலில் கொடுத்த இந்த ஒரு லட்சம் சமாசாரத்தில்தான் ஆபு கூத்து நடந்தது. யமகுச்சி மாகாணத்தில் மூவாயிரம் பேர் இருக்கிற ஊர். அங்கே 463 குடும்பத்துக்குத் தலா ஒரு லட்சம் போக வேண்டும். அதற்கான பட்டியலை வங்கிக்கு ஃபிளாப்பி டிஸ்க்கில் கொடுத்தார்கள். ஆமாம், ஃபிளாப்பி, 2022இல்! சரியாகத்தான் கொடுத்தார்கள். அதோடு நிற்காமல், தேவையில்லாத ஒரு காகிதச் சீட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அதில் பட்டியலின் முதல் பேருக்கு நேராக மொத்தத் தொகை. ஆக 463 குடும்பத்துக்கும் ஒழுங்காகப் பணம் போனது, முதல் பேர்க்காரருக்கு மட்டும் கூடுதலாக 4 கோடியே 63 லட்சம் யென் போய் விழுந்தது. 24 வயதுப் பையன். அலுவலக ஆட்கள் அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போய், கையோடு வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வங்கி வாசல் வரை வந்தவன் இன்றைக்கு வேண்டாம் என்று திரும்பிவிட்டான். அப்புறம் பணம் ஆன்லைன் சூதாட்டத்துக்குப் போனது, மே மாதம் அவனைப் பிடித்தார்கள். பணத்தைக் கைமாற்றிய நிறுவனங்களை நெருக்கி 4 கோடியே 30 லட்சம் போல மீட்டுவிட்டார்கள். மறு வருஷம் மூன்று வருஷச் சிறைத் தண்டனை, ஆனால் ஐந்து வருஷத்துக்கு நிறுத்திவைத்து. டிவியைத் திறந்தால் அந்தப் பையன் முகம்தான். எனக்கென்னவோ அந்தச் சீட்டை எழுதினவர் அன்றைக்கு ராத்திரி எப்படித் தூங்கியிருப்பார் என்றுதான் தோன்றியது. கணக்கில் ஐந்நூறு ரூபாய் குறைந்ததற்கே நீ மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவன்.

கவர் விஷயத்தில் இங்கேயும் கொஞ்சம் மாறத்தான் செய்திருக்கிறது. ஆளாளுக்குத் தனித்தனியாக ஒரு வங்கிக் கணக்கை மை நம்பரோடு பதிந்து வைத்துக்கொள்ளலாம், இனி அரசுப் பணம் அதற்கே வரும் என்றார்கள். போன வருஷம் பார்த்தால், பிள்ளை பேருக்கு அப்பன் கணக்கு என்று வேறு ஆள் கணக்கைப் பதிந்தது மட்டும் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம். கவிதா தன் பேரில் தபாலாபீஸில் கணக்கு திறந்து, அதைத் தானே போய்ப் பதிந்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள்.

பாட்டி அந்தக் கவரோடு நேற்றுச் சாயங்காலம் வந்தார். இந்தத் தடவை கணக்கு எண்ணைக்கூட அவர்களே அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள், சரி பார்த்துக் கையெழுத்து போட்டால் போதும். ஆனாலும் பாப்பாவைக் கூப்பிட்டு, "இதில் வேண்டாம் என்கிற கட்டம் எது?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார். போகும்போது ஒரு முள்ளங்கி கொடுத்துவிட்டுப் போனார், என் முழங்கை நீளம் இருக்கிறது, இன்றைக்குச் சாம்பார் அதில்தான்.

நீ பதில் எழுதும்போது ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. 2021இல் அந்தப் பெண்டாட்டி வந்து நின்றாளே, ஜூன் மாதம் இரண்டாவது இரண்டாயிரம் அவள் கைக்குப் போனதா? நீ சொல்லவே இல்லை. அப்புறம், தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் அக்கா மகன் ஏப்ரலில் இங்கே வருகிறான் என்றாயே, அவனிடம் சாத்தூர் சேவு இரண்டு கிலோ கொடுத்துவிடு, காரச்சேவுதான், பாட்டிக்கும் கொஞ்சம் கொடுக்க வேண்டும்.

உன்
சேகர்