அந்த அரை மார்க்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

ஓய்வு பெறும் நாளில் மோதிரம் போடுவீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்து, "போர்டில் வரைந்த மலையை நேரில் பார்த்துட்டு வாங்க சார்" என்றீர்கள். நானும் வீட்டம்மாவும் அக்டோபர் நடுவில் சுவிட்சர்லாந்தின் எங்காடின் பள்ளத்தாக்குக்குப் போய்வந்துவிட்டோம்.

நன்றிக்கு முன்னால் ஒரு திருத்தம். ஊசியிலை மரங்கள் இலை உதிர்ப்பதில்லை என்று 30 வருடம் நடத்தினேன். போன்ட்ரெசினாவில் ரயிலை விட்டு இறங்கி நிமிர்ந்தால், சரிவு முழுக்கச் சரக்கொன்றை பூத்த மாதிரி மஞ்சள். லார்ச் மரம். ஊசியிலைதான், ஆனால் உதிர்க்கிறது. குளிர்காலத்தில் மண்ணில் தண்ணீர் உறைந்துவிடும். இலை இருந்தால் மரத்தில் உள்ள ஈரமும் போய்விடும். அதனால் பச்சையத்தைப் பிரித்துச் சத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஊசிகளைக் கொட்டிவிடுகிறது. பக்கத்திலேயே பைன் பச்சையாக நிற்கிறது. "எல்லா மரமுமா சார்?" என்று அன்றைக்கே ஒரு பையன் கேட்டான், உட்காரச் சொல்லி அரை மார்க்கையும் குறைத்தேன். தம்பி, இதைப் படித்தால் அந்த அரை மார்க்கைச் சேர்த்துக்கொள்.

மோர்டெராட்ச் பனியாற்றுக்கும் நடந்தோம். பனி எதுவரை இருந்தது என்று வருடம் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். தாத்தா காலத்துப் பலகை தாண்டி, நான் பிறந்த காலம் தாண்டி, உங்களுக்குப் பாடம் எடுத்த வருடங்களும் தாண்டியாயிற்று. பனி இன்னும் தள்ளியே இருந்தது. எங்கள் கல்யாணக் காலத்துப் பலகையருகே வீட்டம்மா உட்கார்ந்துவிட்டார். முட்டி வலி என்றார். நானும் உட்கார்ந்தேன்.

மதுரைப் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய நம் தையல்காரர் சட்டைகளுக்கு உள்ளே கம்பளித்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் மகனின் டெல்லி ஜாக்கெட்டைத் தந்தார், துவைத்து வைத்திருக்கிறேன். மங்கி குல்லா மட்டும் என்னுடையது, கொடைக்கானலில் வாங்கியது.

இன்னொருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். அக்டோபர் போகப்போக அங்கே விடுதியும் உணவகமும் ஒவ்வொன்றாக மூடிவிடுகிறார்கள். பனிச்சறுக்குக் காலத்தில்தான் திறப்பார்களாம். இது தெரியாமல் மூன்றாம் நாள் ராத்திரி ரொட்டியும் தயிருமாகக் கடையில் நின்றோம். பின்னாலிருந்து "தமிழோ?" என்று ஒரு குரல். யாழ்ப்பாணத்துக்காரர், 1980களின் கடைசியில் ஊரை விட்டு வந்தவர், விடுதிச் சமையலறையில் வேலை. "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்று வீட்டுக்குக் கூட்டிப்போனார். புட்டு, சம்பல், அப்புறம் மிளகு தூக்கலாக ரசம். வீட்டம்மாவுக்குக் கண் கலங்கியது மிளகால்தான் என்று இன்றும் சாதிக்கிறார்.

மீனாட்சியம்மன் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது அந்த யாழ்ப்பாணத்துக்காரருக்கு நெடுநாள் ஆசை. முகவரி கொடுத்திருக்கிறேன். வரும்போது சொல்லி அனுப்புகிறேன், எல்லோரும் வந்துவிடுங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில். ஜிகர்தண்டா செலவு உங்களுடையது.

அன்புடன்,
உங்கள் புவியியல் வாத்தியார்