0.35 மில்லிமீட்டர் பத்தி மாப்ளைக்கு

காவேரிப்பட்டணம்
ஞாயிறு ராத்திரி

மாப்ள,

எப்டி இருக்க, அம்மாவுக்கு முட்டி வலி இப்ப தேவலயா? இங்க மாங்கா சீசன் முடிஞ்சிருச்சு, கூழ் ஃபேக்டரி பக்கம் நிக்கிற லாரி எல்லாம் குறைஞ்சு ரோடு காலியா கெடக்குது, அதனால எனக்கும் கொஞ்சம் ஓய்வு. நீ அன்னிக்கு போன்ல கேட்டதுக்கு அவசரத்துல ம்ம் ம்ம்னு சொல்லி வெச்சிட்டேன், அது மனசுல உறுத்திட்டே இருந்துச்சு, அதான் உக்காந்து முழுசா எழுதுறேன்.

உன் 4440 ஐசி போட்ட ஆம்ப்ளிஃபயர்ல வால்யூம் நாப், அதான் திருகுற குமிழ், வழுக்குது, சூப்பர் க்ளூ ரெண்டு சொட்டு விட்றலாமான்னு கேட்ட இல்ல. தயவு செஞ்சு விட்றாத. அது தண்ணி மாதிரி ஓடும், ஷாஃப்ட் (நாப் மாட்டுற தண்டு) வழியா கண்ட்ரோலோட, அதாவது நாபுக்குப் பின்னாடி சத்தத்தைக் கூட்டிக் கொறைக்கற பாகத்தோட, கழுத்துக்குள்ள இறங்கிருச்சுன்னா கண்ட்ரோலே இறுகிப் போயிடும், பேனல்ல கண்ட்ரோலைப் பிடிச்சிருக்குற நட்டு வேற நாபுக்கு அடியில தானே இருக்கு, நாப் கழலலன்னா நட்டும் கழலாது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கோயில் செட்டுல நான் இதே வேலைய செஞ்சு, கடைசியில ஆக்ஸா பிளேடு போட்டு ஷாஃப்டையே அறுத்து எடுத்தேன், நல்ல கண்ட்ரோல் ஒன்னு குப்பைக்குப் போச்சு.

உன் நாப்ல குத்தம் இல்ல, கண்ட்ரோல்லயும் குத்தம் இல்ல. நீ பெங்களூரு எஸ்பி ரோட்ல வாங்குன அலுமினிய நாப் கால் இஞ்ச் ஓட்டை, உன் கண்ட்ரோல் 6 மிமீ ஷாஃப்ட். ஒரு இஞ்ச் 25.4 மிமீ, அதுல கால்வாசி 6.35. வித்தியாசம் வெறும் 0.35 தான், கடையில வெச்சுப் பாத்தா சரியா உக்காந்த மாதிரியே இருக்கும், வீட்டுக்கு வந்து நாபோட பக்கவாட்டுல இருக்குற சின்ன கிரப் ஸ்க்ரூவ முறுக்கினதும் தான் தெரியும், ஸ்க்ரூ நாபை ஒரு பக்கமா இழுத்துக்கும், சுத்துறப்ப நாப் தலைய ஆட்டும்.

இதை நான் எப்ப புரிஞ்சிக்கிட்டேன்னா எங்கப்பாவோட வால்வு ரேடியோவப் பிரிச்சப்ப தான். உனக்கு ஞாபகம் இருக்கும், திண்ணையில இருந்த மரப்பொட்டி, நாம ஸ்கூல் விட்டு வந்ததும் அதுக்கு முன்னாடி உக்காருவோம், அப்பா வந்து ஸ்டேஷன் புடிச்சாத்தான் பாட்டு, நாம தொடக்கூடாது. ரேடியோ செத்துப் போச்சு, ட்ரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு போய் சரி பண்ண வழியில்ல, ஆனா அந்த ரெண்டு பேக்லைட் (பழைய காலத்து கெட்டி பிளாஸ்டிக்) நாப் மட்டும் அப்டியே இருந்துச்சு, அவரு விரல் பட்டுப் பட்டு ஓரத்துல வரி எல்லாம் மழுங்கிப் போயி. அதைப் புது ஆம்ப்ல போடணும்னு எனக்கு ஒரே ஆசை. அந்தக் காலத்து ரேடியோ எல்லாம் இஞ்ச் கணக்கு, நம்ம நாட்டுல மெட்ரிக் சட்டமே 1956ல தான் வந்துச்சு, அதுக்கப்புறமும் ரேடியோ கண்ட்ரோல் எல்லாம் கால் இஞ்ச்லயே ரொம்ப நாள் ஓடிச்சு.

ஓசூர்ல ஒரு லேத் பட்டறையில போய் பித்தளையில புஷ், அதான் ஷாஃப்டுக்கும் நாபுக்கும் நடுவுல மாட்டுற சின்னக் குழாய், போட்டுத் தாங்கன்னு கேட்டேன். அவரு வெர்னியர் வெச்சு அளந்துட்டுச் சிரிச்சாரு. 0.35னா ஒரு பக்கத்துக்கு 0.175 தான் சுவர், அவ்ளோ மெல்லிசா கடைஞ்சா டூல் பட்டதும் கிழிஞ்சிடும் தம்பி, தகடு சுத்துன்னு சொல்லி அனுப்பிட்டாரு. காசு வாங்கல.

அப்டித் தான் கூல்ட்ரிங்ஸ் டின்னுக்கு வந்தேன். டின்னோட தகடு கிட்டத்தட்ட 0.1 மிமீ. ரெண்டு சுத்து சுத்தினா 6.4 ஆயிடும், நாப் ஏறாது. பேக்லைட்ல அடிச்சு ஏத்தினேன்னு வை, வெடிச்சிரும். அதனால டின் தகடு ஒரே சுத்து, முனை ஒன்னு மேல ஒன்னு ஏறாம நேரா முட்டுற மாதிரி வெட்டிக்கோ, அதுக்கு மேல சாப்பாடு கட்டுற சில்வர் ஃபாயில் நாலு சுத்து, விரலால அழுத்தி ஏத்திப் பாரு, லூசா இருந்தா இன்னொரு சுத்து. டின் வெட்டுன ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், உப்புத் தாள்ல தேய்ச்சுட்டு அப்புறம் தொடு. செல்லோ டேப் சுத்தலாம்னு யாராவது சொன்னா கேக்காத, தர்மபுரி வெயில்ல மே மாசம் அதோட கோந்து இளகி நாப் மறுபடி நழுவும்.

இன்னொன்னு, உன் கண்ட்ரோல்ல ஷாஃப்ட் நடுவுல ஒரு வெட்டு இருக்கும் பாரு, பல்லு பல்லா இருக்குற ஷாஃப்ட். ஸ்க்ரூ முறுக்க முறுக்க அந்த ரெண்டு பாதியும் உள்ள அமுங்கும், நீ டைட் வெச்சிட்டேன்னு நெனப்ப, நாளைக்கு மறுபடி லூசு. அந்த வெட்டுக்குள்ள டின் தகடை மடிச்சு சொருகிட்டு அப்புறம் முறுக்கு. இதைச் செய்யாம தான் உன்னுது வழுக்குதுன்னு என் சந்தேகம்.

அந்தப் பல்லு ஷாஃப்ட்ல பெரும்பாலும் 18 பல்லு, அழுத்தி மாட்டுற பிளாஸ்டிக் நாப் போட்டா ஒரு பல்லு தள்ளினா 20 டிகிரி போயிடும், நாப் மேல இருக்குற புள்ளி ஸீரோவுல சரியா நிக்கவே நிக்காது. ஸ்க்ரூ நாப்ல அந்தத் தொல்லை இல்ல, வால்யூமை முழுசாக் கொறைச்சு வெச்சிட்டு புள்ளிய ஸீரோவுல வெச்சு முறுக்கிடலாம், அதனால உன் அலுமினிய நாபைத் தூக்கிப் போட்றாத. இங்கிலீஷ் D எழுத்து மாதிரி ஒரு பக்கம் தட்டையா இருக்குற ஷாஃப்ட்னா ஸ்க்ரூ அந்தத் தட்டையில தான் உக்காரணும்.

தகடு சுத்தினதுக்கப்புறம் நாபைத் தொட்டா ம்ம்ம்னு சத்தம் வந்துச்சுன்னா பயப்படாத, கண்ட்ரோலோட உடம்புல இருந்து ஒரு வயரை கிரவுண்டுக்குப் போடு, நின்னுடும்.

எங்கப்பா நாப் இப்ப ஆம்ப்ல இருக்கு மாப்ள. ராத்திரி தர்மபுரி எஃப்எம் போட்டுட்டு சத்தத்தைக் கொறைக்கறப்ப அந்த மழுங்குன எடத்துல என் கட்டைவிரல் தானா போய் உக்காருது. அம்மா வந்து ஒரு நாள் சும்மா திருப்பிப் பாத்துட்டுப் போச்சு, ஒன்னும் சொல்லல.

அடுத்த ஞாயிறு பாலக்கோடு வழியா தான் வரேன், ரெண்டு டின்னு வெட்டி எடுத்துட்டு வரேன், கிரப் ஸ்க்ரூ முறுக்குற 1.5 மிமீ ஆலன் கீ உன்கிட்ட இருக்கான்னு மட்டும் பாத்து வை. நான் வர்ற வரைக்கும் க்ளூ பாட்டில தொடாத.

உன் மச்சான்