சனிக்கிழமை பயிற்சி: பாடகர் குழுவினருக்கு

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

பயிற்சிக்கு வருமுன் எல்லோரும் யோவான் 4-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு வாருங்கள். யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண் இயேசுவிடம் கேட்டது இடத்தைப் பற்றி: எங்கே தொழுவது, இந்த மலையிலா, எருசலேமிலா? அது சின்னச் சண்டை அல்ல. அவள் சொன்ன அந்தக் கெரிசீம் மலையில் இருந்த சமாரியர் ஆலயத்தை யூத ஆட்சியாளர் யோவான் ஹிர்கானு இடித்து அப்போதே 100 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மனக்கசப்பு மட்டும் ஆறவில்லை. ஆண்டவரோ இரண்டு இடத்தையும் தாண்டி, பிதாவை ஆவியோடும் உண்மையோடும் தொழுகிறவர்களைப் பற்றிப் பேசினார். அதுவும் யூதர்கள் நெருங்கிப் பழகாத ஒரு சமாரியப் பெண்ணிடம்!

பாடுகிற நமக்கு இன்னும் உறைப்பது ஆமோஸ் 5:23. உங்கள் பாட்டின் சத்தம் எனக்கு வேண்டாம் என்று கர்த்தரே சொல்கிறார். சுருதி தவறியதால் அல்ல. ஏழையை மிதித்துவிட்டு வந்து பாடினார்கள்; அடுத்த வசனத்தில் அவர் கேட்பது நியாயத்தையும் நீதியையும்தான்.

சுருதியும் தாளமும் முக்கியம், பயிற்சியைக் குறைக்கப்போவதில்லை. ஆனால் தனிப்பாடல் யாருக்கு, மைக் யாருக்கு என்பதில் பேச்சே நின்றுபோனவர்கள் நமக்குள் இருக்கிறார்கள். காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:24. தயவுசெய்து சனிக்கிழமைக்குள் பேசிவிடுங்கள். இந்தக் குழுவில் எழுதிப் பேச வேண்டாம். நேரில், முடியாவிட்டால் போனில்.

மாலை 6 மணிக்குத் தொடங்குகிறோம். முதல் அரை மணி நேரம் கீபோர்டு இல்லாமல் ஜெபம் மட்டும், அப்புறம் பாட்டு.